கல்லைத் தொடும் முன் கேளுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து வருகிறவர்கள், தருமபுரிக்கு மாற்றலாகி வருகிறவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வாங்கலாம் என்று வருகிறவர்கள், யாராக இருந்தாலும் சில மாதங்களில் ஒன்றைக் கவனிப்பார்கள். வழி கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்லும் அடையாளங்களில் பாதி இன்று இல்லாதவை. "கர்ணம் வீட்டுக்கு எதிர்ச் சந்து." "பழைய ரயில் ரோட்டு மேலயே போங்க." "அது மிட்டாதார் தோப்புங்க." "அவங்க வயல்ல இருந்து வந்தவங்க."

ஊர் நிலக் கணக்கு எழுதிய கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. அந்த ரயில் 1941-இல் நின்றது. மிட்டாக்களை, அதாவது கம்பெனி ஏலம் விட்ட நிலத் தொகுதிகளை, ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தது. 'வயல்' என்றால் நெல் வயல் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்; அது கோலார் தங்கவயல், அதன் சுரங்கமும் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. போனவை எல்லாம் போன பிறகும் இங்கே முகவரி சொல்வது அவற்றை வைத்துத்தான். யார் யாருக்கு உறவு, யார் யார் வீட்டுப் பந்தியில் உட்காருவார்கள், கோயில் பண்டிகையில் யாருக்கு முதல் மரியாதை என்பதிலும் அந்தப் பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் காவிரி டெல்டாக்காரன். பள்ளி ஆசிரியராக மாற்றலில் இந்தப் பக்கம் வந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஊரைப் புரிந்துகொள்ளப் பல தப்பு செய்தேன். நீங்கள் அதே தப்புகளைச் செய்யாமல் இருக்க, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை: எந்தப் பெயரில் தேடுவது

'தருமபுரி மாவட்ட வரலாறு' என்று தேடினால் அதியமானும் ஔவையாரும் கிடைப்பார்கள். நடுவில் இருநூறு வருடம் காணாமல் போயிருக்கும். காரணம் எளிது. தருமபுரி மாவட்டம் பிறந்ததே 1965 அக்டோபர் 2-இல்தான். அதுவரை எல்லாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். ஆகவே வெள்ளைக்காரர் காலத்து ஆவணம் எதுவாக இருந்தாலும் 'சேலம்' என்ற தலைப்பின் கீழே இருக்கும். 1883-இல் வந்த சேலம் மாவட்ட மானுவலும் 1918-இல் வந்த கெசட்டியரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் தாலுகாவின் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பான். இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பெயர் பாரமகால். பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். எந்தப் பன்னிரண்டு என்பதில் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் தலையிடாதீர்கள். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தபோது இந்தப் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. ஓசூர்ப் பக்கம் அப்போது வரவில்லை. திப்பு மடிந்த பிறகு 1799-இல்தான் வந்தது. ஏழு வருட வித்தியாசம்தானே என்று தோன்றும். ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கம் போய்ப் பேசிப் பாருங்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுக்குள் புழங்கும், பாட்டியை 'அவ்வா' என்பார்கள், சூளகிரி, பாகலூர் பாளையக்காரர் கதைகள் வரும். தருமபுரிப் பக்கம் அதே பாட்டி 'ஆயா'. அந்த எல்லைக்கோடு பேச்சில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது.

அப்புறம், ஒருநாள் காலையில் கோட்டை ஏறுங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருந்து மேலே பார்த்தால் தெரியும் மலைதான். சையத் பாஷா மலை என்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும், தனியாகப் போகாதீர்கள்.

1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற கம்பெனித் தளபதி இந்தக் கோட்டையைத் தாக்கினான். கீழே பேட்டை விழுந்தது. மேல் கோட்டை விழவில்லை. மேலிருந்து உருட்டிவிட்ட கற்களே படையைத் திருப்பி அனுப்பின என்று ஊரில் சொல்வார்கள். மலையின் செங்குத்தைக் கண்ணால் பார்த்தால் நம்பத் தோன்றும். சண்டையில் கிடைக்காத அந்தக் கோட்டை நாலே மாதத்தில் காகிதத்தில் கைமாறிவிட்டது.

இதை மலையேறிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டையில் பேசும்போது திப்புவைப் பற்றி ஒரே கருத்து இருக்காது. ஒருவர் சுல்தான் என்று மரியாதையாகச் சொல்வார், இன்னொருவர் படை வந்து போன கொடுமையைச் சொல்வார். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்களாக இருப்பார்கள், இருவரும் மலையில் இருக்கும் தர்காவுக்கு வேண்டுதல் வைத்தவர்களாகவும் இருப்பார்கள். வெளியூரில் படித்த சண்டையைக் கொண்டுவந்து அங்கே இறக்காதீர்கள்.

நிலக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. வீட்டுமனை வாங்கப் போகிறவர்களுக்குப் பணம் மிச்சமாகும். வாங்காதவர்களுக்கு ஊர் புரியும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாரமகால் கைக்கு வந்ததும் கம்பெனி இங்கே வழக்கமான சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் வேண்டும் என்று படை அதிகாரிகளையே அனுப்பியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை, இருப்பு திருப்பத்தூர். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள். அவர்களில் தருமபுரியில் இருந்தவர்தான் பிற்பாடு மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். தருமபுரியில் ஏழு வருடம் இருந்தார். ஒரு தோட்டம் போட்டு வளர்த்தார், 1799-இல் மாற்றல் வந்தபோது அந்தத் தோட்டத்தை விட்டுப் போவது வருத்தமாக இருக்கிறது என்று தங்கைக்குக் கடிதம் எழுதினார். மாற்றல் வாங்கிய யாருக்கும் அந்த வருத்தம் புரியும்.

இந்த நாலு பேரும் காடு காடாக அளந்து, இடையில் ஜமீன் இல்லாமல், உழுகிறவன் பெயரிலேயே வரி போட்டார்கள். ரயத்துவாரி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது முளைத்த நாற்றங்கால் இந்த மண். விவசாயிக்குச் செய்த உபகாரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வரி குறையவில்லை, வசூல் நேராக வந்தது. ஆனால் ஒன்று நடந்தது. தன் பெயரில் ஒரு காகிதம், அதில் தன் காட்டின் அளவு என்பது ஒரு குடும்பத்தின் கௌரவமாக மாறியது. இன்றைக்கும் இங்கே பெண் பார்க்கப் போனால் "பட்டா பையன் பேர்ல இருக்கா, கூட்டுப் பட்டாவா?" என்ற கேள்வி வரும்.

கதை அங்கே முடியவில்லை. 1800-களின் தொடக்கத்தில் கம்பெனி மனம் மாறி, நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டது. எடுத்தவர் மிட்டாதார். பலரால் கட்ட முடியாமல் மிட்டாக்கள் திரும்பவும் சர்க்காரிடமே வந்தன. சில 1948 சட்டம் வரை நின்றன. விளைவு, ஒரு ஊர் சர்க்கார் ஊர், அடுத்த ஊர் மிட்டா ஊர் என்று கலந்து கிடந்தது. மிட்டாரெட்டிஅள்ளி என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. நான் பழகியவரையில், மிட்டா ஊர்களில் பெரியவர்கள் 'வீட்டு வாசலில் நின்ற' கதையைச் சொல்வார்கள். சர்க்கார் ஊர்களில் 'தாலுகா ஆபீசுக்கு நடந்த' கதையைச் சொல்வார்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டுப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. நீங்கள் குடியிருக்கும் அல்லது வாங்க நினைக்கும் இடத்தின் புல எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். அ-பதிவேட்டில் நிலத்தின் வகையும் குறிப்பும் இருக்கும் பகுதியைப் பொறுமையாகப் பாருங்கள். தாளில் 'பசலி' என்று ஒரு எண் இருக்கும், பயந்துவிடாதீர்கள்: பசலி தொடங்கும் ஆங்கில வருடத்தில் 590 கழித்தால் பசலி எண். மொகலாயர் வழியில் வந்த கணக்கு. ஜூலை 1-இல் தொடங்கும் என்று மதராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரர் வைத்தது அப்படியே நிற்கிறது. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, அதாவது ஊர் நிலக் கணக்குச் சரிபார்ப்பு, நடக்கும். கோடை விடுமுறையில் ஒருநாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஊரின் பாதிச் சண்டை அங்கே மனுவாக வரும்.

ஒன்றை மட்டும் விடவே கூடாது. குறிப்பில் பஞ்சமி நிலம் என்றோ நிபந்தனைப் பட்டா என்றோ இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலங்கள் அவை. முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நூற்றுமுப்பது வருடம் கழித்தும் அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் ஆறாத புண். "விலை மலிவா வருது சார்" என்று தரகர் சொன்னால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

டீக்கடையில் தொடங்கலாம், ஆனால் அங்கேயே முடிக்கக் கூடாது. டீக்கடை பெஞ்சில் கிடைப்பது ஊரின் ஒரு பக்கத்துக் கதை.

கேட்கும் கேள்வி முக்கியம். "உங்க ஊர் வரலாறு என்னங்க?" என்றால் "எங்களுக்கு என்ன சார் வரலாறு, வாத்தியாரு நீங்க சொல்லுங்க" என்று திருப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. "ஐயா, உங்க அப்பா காலத்துல இங்க கர்ணம் யாருங்க?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் ஓடும். மணியக்காரர், கர்ணம், தலையாரி (ஊர்க் காவல்), வெட்டி (ஊர் ஏவல் வேலை) என்று பரம்பரைப் பதவிகள். கம்பெனிக்கு முன்பே இருந்தவைதான். கம்பெனி அவற்றைத் தன் வரிவசூல் இயந்திரத்தில் திருகி முடுக்கிக்கொண்டது. ராஜாஜியின் தகப்பனார் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் கிராம முன்சீப்பாக இருந்தவர். அந்த வீட்டுத் திண்ணையில் எத்தனை வழக்கு பேசியிருப்பார்கள் என்று அங்கே போனபோது யோசித்தேன்.

கர்ணம் வீட்டுப் பேரனிடம் கேட்டால் அந்தக் காலம் கௌரவமாகத் தெரியும். கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததைச் சொல்வார். வெட்டி வேலை பார்த்த குடும்பத்துப் பேத்தியிடம் கேட்டால் அதே காலம் வேறு. சாவுச் செய்தி சொல்ல மைல் கணக்கில் நடந்தது, சம்பளமாகத் தானியம் கிடைத்ததும் கிடைக்காததும். ஒரே பதவிப் பட்டியலின் இரண்டு முனைகள். இரண்டையும் கேட்காமல் 'பழைய காலத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது' என்று எழுதிவிடாதீர்கள்.

இங்கே ஒரு சொல். ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பைக் 'காலனி' என்று கூசாமல் சொல்லிவந்தோம். வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்கு வைத்த பெயர், நம் ஊரில் சேரிக்கு மாற்றுப் பெயராகி, வசைச் சொல் போலவும் ஆகிவிட்டது. அரசு ஆவணங்களில் இருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வாயிலிருந்து நீங்கக் கொஞ்ச நாள் ஆகும். நீங்கள் புதிதாக வந்தவர், உங்களுக்குப் பழக்கதோஷம் இல்லை. அந்தத் தெருவுக்கு என்ன பெயரோ அதைச் சொல்லுங்கள்.

சாதியை நேராகக் கேட்காதீர்கள். எப்படியும் மூன்றாவது நிமிடத்தில் அவர்களே உங்களிடம் சுற்றிவளைத்துக் கேட்பார்கள்: "நீங்க தஞ்சாவூர்ல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு போவது நல்லது. நான் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.

கல்

வந்த இரண்டாவது வருடம் நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் புளியமரத்தடியில் ஒரு நடுகல். வில்லோடு ஒரு வீரன், மேலே எழுத்து. ஞாயிற்றுக்கிழமை பார்த்து சாக்பீஸ் டப்பாவோடு போனேன், எழுத்துகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பொடியைத் தடவத் தொடங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் ஓடிவந்தார். "சாமி மேல என்னய்யா பூசுற? வேடியப்பன்யா அது!" கையில் கோல் இருந்தது. நல்லவேளை, அடிக்கவில்லை.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் விழுந்தவர்களின் கற்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் 'தொறு மீட்டுப் பட்டான்' (மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான்) என்று ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நிற்பவை உண்டு. மக்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்கு வேடியப்பன் என்றே பெயர் வைக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு வருடம் இரண்டு பேர் அந்தப் பெயரில்.

அந்த ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். யாருடைய கல் என்று கேட்டேன். "ஐதர் சண்டைல செத்தவர்" என்றார். பின்னொரு நாள் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் வந்து பார்த்து, எழுத்து வட்டெழுத்து, திப்புவின் தகப்பனார் ஐதருக்குப் பல நூற்றாண்டு முந்தையது என்றார். முதலில் ஆயா சொன்னது தப்பு என்று குறித்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்க வேறு மாதிரிப் பட்டது. இந்த வழியாக 1767-இல் தொடங்கி முப்பது வருடம் மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மாறி மாறிப் போயிருக்கின்றன. அந்தப் படைகளில் விழுந்த உள்ளூர்க்காரனுக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை. நிற்கிற கல்லில் அவனையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். கல்லின் காலத்தை நண்பர் சொன்னார், ஆயா சொன்னது ஊரின் துக்கத்தை. என் நோட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வெள்ளைக்காரரும் கல் நட்டார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப் போருக்கான சின்னக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள். எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது. மாடு மீட்டுச் செத்தவனின் பெயரை ஆயிரம் வருடம் முன்பே வெட்டிவைத்த நாட்டில், கடல் கடந்து போய்ச் செத்தவனுக்கு ஒரு எண்தான் கிடைத்தது. அப்படி ஒரு கல் பழைய பள்ளிக்கூடத்திலோ சாவடியிலோ உங்கள் கண்ணில் பட்டால், அந்த எண்ணுக்குள் இருக்கும் பெயர்களை ஊரில் விசாரியுங்கள். பென்ஷன் காகிதத்தையோ பழைய மெடலையோ டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் வீடு இருக்கலாம்.

சரி, செய்முறை. கல்லைத் தொடும் முன் பக்கத்து வீட்டில் கேளுங்கள். செருப்பைக் கழற்றுங்கள். பொடி, எண்ணெய், தண்ணீர் எதுவும் போடாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படமெடுத்தால் எழுத்து தானாகவே எடுப்பாகத் தெரியும். கல் சாய்ந்து கிடந்தாலும் நீங்களாக நிமிர்த்த வேண்டாம், கிராம நிர்வாக அலுவலரிடமோ தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களிலோ சொல்லுங்கள். முதலில் அந்த அருங்காட்சியகங்களுக்கு ஒரு நடை போய் நடுகற்களைப் பார்த்துப் பழகிவிட்டால், காட்டில் பார்க்கும்போது அடையாளம் தெரியும்.

பஞ்சமும் ரயிலும் வெளியூர்ச் சொந்தமும்

தாது வருடப் பஞ்சம் என்ற சொல்லை எண்பது வயதுக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர் பார்த்ததில்லை, அவர் தாத்தா பார்த்தது. 1876 முதல் 1878 வரை. அன்றைய சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகை 1871-இல் சுமார் 19.7 லட்சம், 1881-இல் சுமார் 16 லட்சம். செத்தவர் பாதி, ஊரைவிட்டுப் போனவர் பாதி என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்குச் சாப்பாட்டுச் செலவை எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போட்ட அரசாங்கம் அது: நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கையில் ஒரு அணா. களி உருண்டையை மிச்சம் வைத்தால் இங்கே பெரியவர்களுக்குக் கோபம் வருவதற்கு அந்தக் காலம் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

போனவர்கள் இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குப் போனார்கள், பெங்களூர் தண்டுக்கு (படை முகாம் பகுதி) போனார்கள். 1880-களில் கோலாரில் வெள்ளைக்காரக் கம்பெனி தங்கம் தோண்டத் தொடங்கியதும் வட ஆற்காடு, சேலம் பக்கத்து மக்கள் அங்கே இறங்கினார்கள், பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். கிருஷ்ணகிரியின் பல ஊர்களுக்கு வயலில் சொந்தம் உண்டு. ஊரில் கிடைக்காத படிப்பும் சங்கமும் அரசியலும் அங்கிருந்து லீவுக்கு வந்தபோது பெட்டியோடு வந்து இறங்கின. சுரங்கம் மூடிய பின் திரும்பி வந்த குடும்பங்களை இன்னும் 'வயல்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். ஊரில் கேட்காத கதைகள் அந்தப் பந்தலில் கிடைக்கும்.

ரயிலையும் பஞ்சத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்ல உதவும் என்று போட்ட குறும்பாதைகள் அவை. மொரப்பூர் - தருமபுரி 1906-இல் ஓடத் தொடங்கியது, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னொன்று. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஓசூர்ப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். மேட்டுப் பாதையும் சின்னச் சின்னக் கல்பாலங்களும் சில இடங்களில் மிச்சம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை. மொரப்பூர் - தருமபுரிப் பாதைக்கு 2019-இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். தேர்தல் நேரத்தில் ரயில் பேச்சு வந்தால் ஊர்க்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதன் வயது எண்பதுக்கு மேல்.

எந்த நாளில் எங்கே போவது

ஜூலை 23, பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925-இல் அங்கேதான் இறந்தார். வத்தலக்குண்டுக்காரர்; 1908-இல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்றவர். சிறையில் தொற்றிய தொழுநோயோடு வெளியே வந்தவர். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார், 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் வைத்தார். கட்டி முடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. இப்போது அரசு மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் இருக்கின்றன. அது கோயிலா நினைவாலயமா என்று கட்சிகளுக்குள் வாக்குவாதம் உண்டு. அதிகாரிகள் மாலை போட்டுப் போன பிறகு போனால் ஊர்க்காரர்களோடு நிதானமாகப் பேசலாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு நோயாளிக்கு இடம் கொடுத்த ஊர் என்பதைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள்.

டிசம்பர் 10, ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சின்ன வீடு, அரைமணி போதும். 1937-இல் அவர் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். அதாவது இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த மாவட்டம். அந்தப் பேச்சை எடுத்தால் பெண்கள் ஒரு கருத்தும் ஆண்கள் ஒரு கருத்தும் சொல்வார்கள்.

ஓசூரில் இருந்தால் மத்திகிரி கால்நடைப் பண்ணையையும் வெளியிலிருந்து பாருங்கள், 1824-இல் தொடங்கியது. படைக்குக் குதிரை வளர்த்த இடம் என்பார்கள்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்குப் பள்ளிக்குப் போவதோடு நிற்காமல் கிராமசபைக்கும் போங்கள். தியாகிகளைப் பற்றி அங்கே யாரும் பேசமாட்டார்கள். ஏரிக் கால்வாய் ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை, பட்டா மாற்றம் என்றுதான் பேசுவார்கள். அ-பதிவேடும் மிட்டாவும் தெரிந்த பிறகு அந்தப் பேச்சு உங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும்.

பங்குனி, சித்திரையில் ஊர்ப் பண்டிகை, பாரதக் கூத்து. ராத்திரி முழுக்க உட்காருங்கள். கூத்தில் வேடிக்கை பேசும் கட்டியங்காரன் நடுவில் துரையையும் தாசில்தாரையும் கிண்டல் செய்தால், பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள், யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று.

கேட்டதைத் திருப்பிக் கொடுங்கள்

கேட்ட கதையை நோட்டில் தேதியோடு எழுதுங்கள்: சொன்னவர் யார், எந்த ஊர், தானே பார்த்ததா, கேட்டதா. பழைய பத்திரத்தைப் படம் எடுக்க அனுமதித்தால் அங்கேயே எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரு நாள் கூட வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள், நிலத் தகராறில் நீங்களும் சாட்சியாகிவிடுவீர்கள். ஒருவர் சொன்ன குடும்பக் கதையைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள்.

படம் எடுத்தால் அச்சிட்டுக் கொடுங்கள், போனில் அனுப்புவது போதாது. அந்த ஆயாவுக்கு வேடியப்பன் கல்லின் படத்தை லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். சாமி அறையில் மாட்டுவார் என்று நினைத்தேன். மாட்டினது அறையில்தான், ஆனால் சாமி படங்களோடு இல்லை. செத்துப்போன புருஷன் படத்துக்கும் மாமனார் படத்துக்கும் நடுவில்.